14,498 கிலோமீட்டர்... எத்தனை மணி நேரம்?

2024 ஏப்ரல் இரண்டாவது வாரம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எங்கும் நிற்காமல் பறக்கும் குவாண்டாஸ் விமானம், திடீரென்று சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்ப ஆரம்பித்தது. ஈரானுக்கும் இஸ்ரேலுக்கும் பதற்றம் முற்றியிருந்த நேரம் அது. ஈரான் வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிப் போக வேண்டும். அந்தச் சுற்றுக்கு டேங்கில் இருப்பது போதாது.

வேடிக்கை என்னவென்றால், அதே நாட்களில் லண்டனிலிருந்து பெர்த்துக்குத் திரும்பிய விமானம் எங்கும் இறங்கவில்லை. அதே போயிங் 787, அதே இரண்டு ஊர், ஈரானைத் தவிர்க்கும் அதே நெருக்கடி. முதுகுப் பக்கம் வீசிய காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்துவிட்டது.

பெர்த்துக்கும் லண்டனுக்கும் இடையே 14,498 கிலோமீட்டர். கேட்டால் கம்ப்யூட்டர் நொடியில் சொல்லிவிடும். 2018 மார்ச்சில் இந்த நேரடிச் சேவை தொடங்கியபோதும் அதே தூரம்தான், இன்றும் அதேதான். எத்தனை மணி நேரம் என்பதுதான் வம்பு பிடித்த கேள்வி. அட்டவணைப்படி போக பதினேழு மணி நேரத்துக்கு மேல். வர அதைவிடக் குறைவு. நிஜத்தில் அந்த நேரத்தைத் தீர்மானிப்பது காற்றும், கீழே இருக்கும் நாடுகளின் சண்டை சச்சரவும்.

வரைபடத்தை நம்பாதீர்கள்

சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது பசிபிக்கையோ இந்தியப் பெருங்கடலையோ தாண்டிப் போகும். ஓர் உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் சீனா, சைபீரியா வழியாக மேலே ஏறி, வடதுருவத்தை உரசிக்கொண்டு கனடா பக்கம் இறங்கும். இரண்டு நகரங்களும் பூமியின் தீர்க்கரேகைகளில் கிட்டத்தட்ட நேரெதிராக இருப்பதால் வரும் வினை இது. அந்த நூலின் நீளம் சுமார் 15,350 கிலோமீட்டர். உலகிலேயே மிக நீண்ட நேரடிப் பயணிகள் சேவை என்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பெயரெடுத்தது இந்தத் தடத்தில்தான்.

ஆனால் அந்த விமானம் பெரும்பாலான நாட்களில் நூல் காட்டும் வழியில் போவதில்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பி ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடந்து, அலாஸ்காவுக்குத் தெற்கே அமெரிக்காவுக்குள் நுழைகிறது. தூரம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கூடிவிடும். திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பா, இந்தியா வழியாக வருகிறது. அதாவது போகும்போதும் கிழக்கு நோக்கி, வரும்போதும் கிழக்கு நோக்கி. ஒரு வாரம் நியூயார்க் போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பும் ஆள், தனக்கே தெரியாமல் பூமியை ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார்.

காரணம் ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் உயர்வானக் காற்றோட்டம். விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, சில இடங்களில் மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காற்று ஆறு. இதை முதலில் முறையாக அளந்தவர் வசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920களில் தோக்கியோவுக்கு அருகே தடேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அந்தக் காற்றின் வேகத்தைக் குறித்துவைத்தார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் எல்லா நாட்டாருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பரான்டோ மொழியில் தன் அறிக்கையை வெளியிட்டார். விளைவு, ஜப்பானுக்கு வெளியே யாரும் படிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மீது குண்டு போட வந்த அமெரிக்க பி-29 விமானிகள், எதிர்க்காற்றில் நகரவே முடியாமல் திணறியபோதுதான் மற்றவர்களுக்கு அதன் பலம் உறைத்தது.

இன்றைக்கு அதே காற்றைத் தேடிப் போய் ஏறிக்கொள்கிறார்கள். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் வீசிய இரவில் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ, 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையோடு ஒப்பிட்ட வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. இதே தடத்தில் எதிர்த்திசையில் போகிறவர்கள் ஏழரை, எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நம் ஊர்க் கதை இதைவிட ருசிகரமானது. டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அட்லாண்டிக் வழியாகப் போனால் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா அந்தப் பாதையை மாற்றி, கிழக்கே திரும்பிப் பசிபிக் மேல் பறந்தது. தூரம் சுமார் 15,300 கிலோமீட்டராகக் கூடியது. பயண நேரமோ இரண்டு மணி நேரம் போலக் குறைந்து பதினாலரை மணிக்கு வந்தது. 1,400 கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்து, சீக்கிரம் போய்ச் சேர்ந்த விமானம்! சுற்றிப் போனால் நேரமாகும் என்பது தரையில் இருக்கும் நமக்குத்தான்.

கொக்கல ஏரியில் இறங்கிய படகு விமானம்

நீண்ட தூரம் பறப்பது இன்றைய ஜெட் யுகத்தின் சாதனை என்று நினைக்கிறோம். எத்தனை நேரம் வானத்திலேயே இருந்தோம் என்று கணக்குப் பார்த்தால், பயணிகள் விமான வரலாற்றின் பழைய சாதனை ஒன்று இன்னும் முறியாமல் நிற்கிறது. அது நடந்தது இலங்கைக்கும் பெர்த்துக்கும் நடுவே.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான விமானத் தொடர்பு அத்தோடு அறுந்தது. கடிதம், ராணுவக் கோப்புகள், முக்கியமான ஆட்கள் எல்லாவற்றையும் எப்படியாவது அனுப்பியாக வேண்டும். 1943இல் குவாண்டாஸ் ஒரு துணிச்சலான வழியைப் பிடித்தது. பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து கட்டலினா படகு விமானத்தை எழுப்பி, இந்தியப் பெருங்கடலை ஒரே மூச்சில் கடந்து, காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கல ஏரியில் இறக்குவது. சுமார் 5,650 கிலோமீட்டர். இன்றைய ஜெட் விமானத்துக்கு ஏழு மணி நேர வேலை. கட்டலினாவுக்கு 27 முதல் 33 மணி நேரம் பிடித்தது.

அந்த விமானத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம். கூடுதல் எரிபொருள் டேங்குகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் பயணிகள் மூன்றே பேர். தபால் 69 கிலோ. எதிரி காதில் விழுந்துவிடும் என்று ரேடியோவை வாய் திறக்கவிடவில்லை. வழி காட்டியது நட்சத்திரங்கள்தான். ஐந்து விமானங்களுக்கும் ஆல்டேர், வேகா, ரைகல், அன்டாரிஸ், ஸ்பைகா என்று வழிகாட்டும் நட்சத்திரங்களின் பெயரையே வைத்தார்கள். எஞ்சின் இரைச்சலில் பக்கத்து ஆளிடம் பேசுவதே பெரும்பாடு. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் காற்றிலேயே இருந்ததால், ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்கள் தெரிந்தன. போய்ச் சேர்ந்தவர்களுக்கு ‘இரட்டைச் சூரிய உதய ரகசியச் சங்கம்’ என்ற பெயரில் சான்றிதழ் கொடுத்தது குவாண்டாஸ். 1945 வரை 271 முறை இந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை.

போர் முடிந்த பிறகு, 1947 டிசம்பர் 1 அன்று, சிட்னியிலிருந்து லண்டனுக்கு ‘கங்காரு தடம்’ திறந்தது. கான்ஸ்டலேஷன் ரக விமானம், 29 பயணிகள், 11 ஊழியர்கள். டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி என்று தத்தித் தத்திப் போய் நான்காம் நாள் லண்டன். போக வர 585 பவுண்டு. அன்றைய ஆஸ்திரேலியத் தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேல். தேதியைக் கவனிக்க வேண்டும். பிரிவினை நடந்து நான்கு மாதம்கூட ஆகாத நேரத்தில், அந்த விமானம் கல்கத்தாவில் ஏறிக் கராச்சியில் இறங்கியிருக்கிறது. இன்றைக்கு இந்திய விமானம் ஒன்று கராச்சி மேலே பறக்கக்கூட முடியாது. அந்தக் கதைக்குப் பின்னால் வருவோம்.

சுமப்பதற்கே எரிபொருள்

லண்டனிலிருந்து சிட்னிக்கு நிற்காமல் பறக்க முடியுமா? முடியும் என்று 1989 ஆகஸ்டிலேயே காட்டிவிட்டார்கள். குவாண்டாஸ் வாங்கிய புது 747-400, ஹீத்ரோவில் கிளம்பி 20 மணி 9 நிமிடத்தில் சிட்னியைத் தொட்டது. ஆனால் எப்படி? டிக்கெட் வாங்கிய பயணி ஒருவர்கூட இல்லை. சாதாரண எரிபொருளைவிட அடர்த்தியான எரிபொருளைத் தனியாக வரவழைத்து நிரப்பினார்கள். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாதென்று ரன்வே முனை வரைக்கும் டிராக்டர் வைத்து இழுத்துப் போனார்கள். இப்படியெல்லாம் செய்து ஒருமுறை பறக்கலாம். தினமும் பறந்து காசு பார்க்க முடியாது.

கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடைபயணம் போகிறவர் கதைதான் இது. தூரம் கூடக் கூட மூட்டை கனக்கும். மூட்டை கனத்தால் பசி கூடும். பசிக்கு இன்னும் சோறு வேண்டும். சிங்கப்பூர் - நியூயார்க் தடத்தில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தின் உச்சபட்சப் புறப்பாட்டு எடை 280 டன். அதன் டேங்குகளில் 1,65,000 லிட்டர் பிடிக்கும். எடையில் 130 டன் சொச்சம். பயணிகளோ 161 பேர்தான். ஆளையும் பெட்டியையும் சேர்த்துத் தலைக்குத் தாராளமாக 100 கிலோ போட்டாலும் 16 டன். பதினாறு டன்னைக் கொண்டுபோய்ச் சேர்க்க நூற்றிமுப்பது டன் எரிபொருள். சாதாரண எகானமி வகுப்பே அந்த விமானத்தில் கிடையாது; பிசினஸ், பிரீமியம் எகானமி இரண்டுதான். அதிகக் கட்டணம் கொடுக்கிறவர்களை வைத்துத்தான் கணக்கு நேராகும்.

முன்பு அதுவும் நேராகவில்லை. 2004இல் இதே நிறுவனம் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தை வைத்து நியூயார்க் அருகே இருக்கும் நூவர்க் நகருக்கு இந்தச் சேவையைத் தொடங்கியது. பிறகு 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தது. எரிபொருள் விலை ஏற ஏறக் கட்டுப்படியாகாமல் 2013 நவம்பரில் மூட்டை கட்டியது. இரண்டே எஞ்சினில் அதே வேலையைச் செய்யும் ஏ350 வந்த பிறகுதான், 2018 அக்டோபர் 11 இரவு மறுபடி கிளம்பினார்கள். இரவு பதினொன்றரை மணி போலச் சிங்கப்பூரில் புறப்பட்ட விமானம் மறுநாள் காலை 5:29க்கு நூவர்க்கில் இறங்கியது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் ஆறு மணி நேரப் பயணம்! உட்கார்ந்திருந்தவர்களின் இடுப்புக்குத்தான் தெரியும், அது கிட்டத்தட்ட பதினெட்டு மணி நேரம் என்று.

அடுத்து களத்தில் இறங்குவது மறுபடி குவாண்டாஸ்தான். சிட்னியிலிருந்து லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் நேரடிச் சேவை. பெயர் ‘புராஜெக்ட் சன்ரைஸ்’. கட்டலினாக்களின் இரட்டைச் சூரிய உதயத்தை நினைவில் வைத்துச் சூட்டிய பெயர். பின்பகுதியில் 20,000 லிட்டர் கூடுதல் டேங்க் பொருத்திய ஏ350-1000 விமானங்கள் பன்னிரண்டுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். மற்ற நிறுவனங்கள் முந்நூறுக்கு மேல் ஆளேற்றும் விமானத்தில் இவர்கள் 238 இருக்கைதான் வைக்கப்போகிறார்கள். கால் நீட்டி நடக்க, உடம்பை முறுக்கிவிடத் தனி இடமும் உண்டாம். 2027இல் பயணிகளை ஏற்றுவதாகத் திட்டம்.

இருபது மணி நேரத்தை உடம்பு தாங்குமா என்று 2019இல் சோதனைப் பயணங்கள் நடத்தினார்கள். அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 49 பேரோடு 19 மணி 16 நிமிடம். நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு 19 மணி 19 நிமிடம். சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கூடவே போனார்கள். விமானிகள் தலையில் மூளை அலைகளைப் பதியும் கருவி. நியூயார்க்கில் இரவு விமானம் ஏறினால் வழக்கமாகச் சாப்பாடு போட்டு விளக்கை அணைத்துவிடுவார்கள் இல்லையா? இவர்கள் தலைகீழாகச் செய்தார்கள். சிட்னியில் அப்போது பகல் என்பதால் விளக்கை எரியவிட்டு, காரசாரமான உணவைக் கொடுத்து, எழுந்து நின்று உடற்பயிற்சி செய்யச் சொல்லி, தூங்கவிடாமல் வைத்திருந்தார்கள். பல மணி நேரம் கழித்துத்தான் மாவுச்சத்து மிகுந்த சாப்பாடும் இருட்டும். ஜெட்லாக்கைக் குறைக்க மிளகாய் உதவும் என்பதை நம் ஊர்க்காரர்கள் சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள்.

பூட்டிய வானம்

எஞ்சினை மேம்படுத்தலாம், டேங்கைப் பெரிதாக்கலாம், காற்றைக் கணித்துவிடலாம். பக்கத்து நாடு வானத்தைப் பூட்டிவிட்டால் எந்தப் பொறியாளராலும் ஒன்றும் செய்ய முடியாது. கடந்த சில ஆண்டுகளில் பயண நேரத்தைக் கன்னாபின்னாவென்று மாற்றியது இந்தப் பூட்டுதான்.

ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்தைவிட இதில் அதிகம் அடிபட்டவர் குறைவு. ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குக் குறுக்கு வழி ஹெல்சிங்கி மேலேதான் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நிறுவனம். ஹெல்சிங்கியில் ஏறினால் ரஷ்யா மேலே பறந்து ஒன்பது மணி நேரம் சொச்சத்தில் தோக்கியோ. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வெடித்தது. ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஒருவருக்கொருவர் வான்வெளியை மூடிக்கொண்டன. ஒன்பது மணி நேரம் பதின்மூன்றானது. வேறு வழியின்றி வடதுருவத்தின் மேலேயே பறந்தார்கள். பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்கான சான்றிதழும் ஸ்டிக்கரும் கொடுத்துச் சமாதானப்படுத்தினார்கள். சான்றிதழ் நல்ல நினைவுப்பொருள்தான். நான்கு மணி நேர எரிபொருள் செலவை அது ஈடுகட்டாது.

நமக்குப் பூட்டுப் போட்டது பாகிஸ்தான். 2019 பாலகோட் தாக்குதலை அடுத்து பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை வரை வான்வெளி மூடிக்கிடந்தது. டெல்லியிலிருந்து இஸ்தான்புல் போன இண்டிகோ விமானம் தோஹாவில் இறங்கி எரிபொருள் நிரப்பியது அப்போதுதான். 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பிறகு ஏற்பட்ட மோதலில், ஏப்ரல் 24 முதல் இந்திய விமானங்களுக்கு மறுபடி தடை. இந்தியாவும் பதிலுக்குத் தடை விதித்தது. டெல்லியிலிருந்து அமெரிக்கா, கனடா கிளம்பும் ஏர் இந்தியா விமானங்கள் முதலில் தெற்கே அரபிக் கடல் பக்கம் இறங்கி, பிறகு மேற்கே திரும்ப வேண்டியதாயிற்று. பல விமானங்கள் வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ எரிபொருளுக்காக இறங்கின. டெல்லியிலிருந்து மத்திய ஆசியாவின் அல்மாட்டி, தாஷ்கண்ட் நகரங்களுக்கு ஓடிய இண்டிகோ சேவைகள் நின்றே போயின. அவற்றின் சின்ன விமானங்களுக்குச் சுற்றுப்பாதை எட்டாது.

இந்தத் தடை ஓராண்டு நீடித்தால் சுமார் 60 கோடி டாலர் கூடுதல் செலவு என்று ஏர் இந்தியா அரசிடம் கணக்குக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் டெல்லி - வாஷிங்டன் நேரடிச் சேவையை நிறுத்தினார்கள். பழைய 787 விமானங்கள் புதுப்பிக்கப் போனதால் ஏற்பட்ட பற்றாக்குறை ஒரு காரணம், பாகிஸ்தான் வான்வெளித் தடை இன்னொரு காரணம் என்று நிறுவனமே சொன்னது. ஏர் இந்தியாவின் நேரடி விமானம் வேண்டுமென்றால் வாஷிங்டன்காரர்களுக்கு இப்போது வழியில்லை; ஓரிடத்தில் மாறியே ஆக வேண்டும். தூரம் என்னவோ ஒரு கிலோமீட்டர்கூடக் கூடவில்லை.

இந்த விவகாரத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. தடை இந்திய விமானங்களுக்கு மட்டும். டெல்லிக்கு வந்துபோகும் அயல்நாட்டு நிறுவனங்களுக்குப் பாகிஸ்தான் வானம் திறந்தே இருந்தது. ஒரே டெல்லியிலிருந்து ஒரே லண்டனுக்கு, அடுத்தடுத்துக் கிளம்பும் இரண்டு விமானங்களுக்கு இரண்டு வகை நேரம். வால்பகுதியில் எந்த நாட்டுக் கொடி என்பதைப் பொறுத்துப் பயணத்தின் நீளம் மாறுகிறது.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர்கள், டிக்கெட் எடுக்கும்போது கிலோமீட்டரையும் பழைய அனுபவத்தையும் வைத்து நேரத்தைக் கணக்கிட வேண்டாம். டிக்கெட்டில் அச்சிட்டிருப்பது விமானம் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து மறு ஊர்க் கேட்டில் நிற்கும் வரைக்குமான நேரம். அதில் கொஞ்சம் கூடுதலாகவே போட்டிருப்பார்கள். அப்படியும் குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் போகும் விமானங்கள் எதிர்க்காற்றில் பிந்துவது சகஜம். நடுவில் எரிபொருளுக்கு இறங்குமா என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழியில் விமானம் மாறுவதாக இருந்தால், இரண்டுக்கும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில், டிக்கெட் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் பிந்தியதற்காக இரண்டாவது விமானம் காத்திருக்காது, பணமும் திரும்பாது. இணைப்பு விமானத்துக்கு நடுவே குறைந்தது மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

வயதானவர்கள் பயணம் செய்கிறார்கள் என்றால் நான்கு.